சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை

கம்ப்யூட்டர் என்றாலே சுடலைமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். சித்திரபுரத்துக்கு மேலே தேயிலைக் காட்டில் ஆயுசெல்லாம் மருந்தடித்தவர். அவர் மனைவி சுருளியம்மாள் இந்தப் பங்குனியோடு கொழுந்து பறிப்பிலிருந்து ஓய்வு பெறுகிறாள். ஓய்வு என்றால் தோட்டக் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். போக்கிடம் என்று நம்பியிருந்தது சர்க்கார் வீட்டுத் திட்டத்தைத்தான். அதிலும் மண்ணைப் போட்டது ஒரு படிவம்.

போன மாதம் ஜிபியின் கம்ப்யூட்டர் கடையில்தான் அதை நிரப்பினார்கள். இப்போது குடியிருப்பது சொந்த வீடா, வாடகை வீடா என்று அது கேட்டது. லயம் இரண்டிலும் சேராது. இடம் கம்பெனியுடையது, வாடகையும் யாரும் கொடுப்பதில்லை. வாடகை என்று தட்டினால், ஒப்பந்தப் பத்திரத்தைக் கொண்டா என்று நின்றுகொண்டது. காலியாக விட்டால் நகரவே இல்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. வேறு வழி தெரியாமல் ஜிபி சொந்தம் என்று தட்டினான். தட்டிய கையோடு விண்ணப்பம் போய்விட்டது. அனுப்பட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி மிஷின். சொந்த வீடு உள்ளவர், தகுதி இல்லை என்று மறுநாளே போனில் செய்தி. பஞ்சாயத்தில் போய்க் கத்தியதற்கு, கம்ப்யூட்டர் எடுத்த முடிவில் தாங்கள் கைவைக்க முடியாது என்றார்கள். லயம் முழுக்க இதே கதைதான்.

புகார் குவிந்த பிறகு, படிவம் செய்த கம்பெனி ஒரு பெண்ணை அனுப்பியது. கல்பாத்தி அக்ரகாரத்துக்காரி, பேர் கிருஷ்ணப்ரியா. தான் மாற்றிச் செய்த படிவத்தை ஜனங்கள் எப்படி நிரப்புகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஜிபியின் கடைக்கு வந்திருந்தாள்.

"மாமா, நீங்களே தட்டுங்கோ. தப்பானா திரும்பி வரலாம். நான் இருக்கேனில்லையா?"

"போன தடவை ஜிபியுந்தான் இருந்தான்," என்றார். ஜிபி பிரிண்டருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

குறை சொல்லவே உட்கார்ந்தவருக்குக் குறை அகப்படவில்லை. எழுத்து பெரிதாக இருந்தது, தமிழில் இருந்தது. தொட்டால் கேள்வியை வாசித்தும் காட்டியது. சொந்தம், வாடகைக்குக் கீழே மூன்றாவதாகக் கம்பெனி லயம் என்று ஒன்று இருந்தது. கடைசியில், சொன்னதையெல்லாம் ஒரே பக்கத்தில் திரும்பச் சொல்லி, சரிதானா என்று கேட்டது. அவர் விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அழுத்தினார்.

இந்த ரேஷன் கார்டில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் முடிவாகிவிட்டது என்று சிவப்பில் வந்தது.

இனிமேல் தப்பு நடக்காமலிருக்க எல்லாம் செய்திருந்தாள். நடந்துபோன தப்பைத் திருத்த வழி வைக்க மறந்திருந்தாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவள் திரும்பியபோது முகம் செத்திருந்தது. பழைய முடிவைத் திறக்கத் துறையிலிருந்து உத்தரவு வர வேண்டுமாம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாராம் அவள் மேலதிகாரி.

"அடுத்த வருசம் நாங்க ரோட்டுல கெடப்போம்," என்றார் சுடலைமணி. "பின்னால நிக்கிறவுகளும் சொந்தம்னு தட்டுனவுகதான். அவுகளுக்கும் இதே செவப்புதான் வரும். நான் எந்திரிக்க மாட்டேன்."

"உக்காந்தே இருங்க," என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற சுருளியம்மாள். "வீடு கெடைக்கலைன்னா அந்த நாக்காலியிலயே குடித்தனம் பண்ணிக்கலாம்."

கிருஷ்ணப்ரியா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். நின்றவர்களிடம் பேரும் கார்டு எண்ணும் கேட்டு, தப்பு படிவத்துடையது, இவர்களுடையதல்ல, முடிவுகளைத் திறந்து கொடுங்கள் என்று துறைக்கே எழுதினாள். எழுதி முடித்து விரலைக் கொண்டுபோனாள்.

"தட்டாத தாயி," என்றார் சுடலைமணி. "மொதல்ல படி."

படித்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ஒரு பேரும் விட்டுப்போகவில்லை. அதற்குப் பிறகுதான் அனுப்ப விட்டார். அனுப்பியாயிற்று, எழுந்திருக்கலாம் என்று ஜிபி மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

பதில் வரட்டும் என்றார்.