கம்பத்திலிருந்து ஒரு குரல்

திரைச்சீலைக் கடைக்காரர் ஒரு கெஜம் துணி அளந்தால் ஒன்றேகால் கெஜம் பேச்சு கொடுப்பார். இரண்டு வருடமாக அந்தப் பேச்சு முழுக்கக் கோழிதான். வந்தவர்கள் சன்னல் அளவைச் சொல்லுமுன்னே போனை நீட்டிவிடுவார். ஒன்றரை மணி நேரத் தொலைவில் அவருடைய அரை ஏக்கர். நடுவே ஒரு கம்பம். கம்பத்தில் கேமராவும் ஒலிபெருக்கியும். கடையில் உட்கார்ந்தபடியே போனில் "பா... பா... செல்லங்களா" என்பார். பன்னிரண்டு கோழிகளும் ஓடிவந்து கம்பத்தடியில் கூடி அண்ணாந்து பார்க்கும். தீனி இயந்திரத்திலிருந்து தானே கொட்டும், தொட்டியில் தண்ணீர் தானே நிறையும். சனிக்கிழமை இவர் போய் முட்டை பொறுக்கி, நாலு கத்தரிக்காயோடு படமெடுத்துக்கொண்டு திரும்புவார்.

பக்கத்துக் கடைக்காரர்கள் கேலிக்குப் பண்ணையார் என்று பெயர் வைத்தார்கள். இவர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். கடையை விற்றுவிட்டு, மனைவி, இரண்டு பெண்களோடு அங்கேயே குடியேறி, விளைவதைத் தின்று வாழ்வதென்று முடிவும் செய்துவிட்டார். வாங்குகிறவர் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வருவதாக இருந்தது.

மனைவி ஒன்றுதான் கேட்டாள். "ஏங்க, ஒரு நாள் போய் வர்ற எடத்துல மிச்ச ஆறு நாளும் என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதான் போன்ல பாக்கறேனே."

அந்த வியாழக்கிழமை கோழிகள் கூப்பிடாமலே கம்பத்தடிக்கு வந்து நின்றன. கொட்டிய தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தமில்லை. போனுக்குள்ளிருந்து இவருடைய முகத்தையே பார்ப்பதுபோல் நின்றன. திரைக்குத் துணி பார்க்க வந்த ஓர் அம்மாள், "என்னமோ கேக்கற மாதிரி நிக்குதுங்களே" என்று போனைச் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாசம் என்றார் பண்ணையார். வெள்ளியன்று எட்டுதான் தெரிந்தன. மற்றவை முட்டையிடப் போயிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, அன்றைக்கு நாலு தடவை கூடுதலாகக் கொஞ்சினார்.

சனிக்கிழமை காலை கேட்டைத் திறந்தபோது ஒரு கொக்கரிப்புகூட இல்லை. ஐந்து கோழிகள் அசையாமல் நின்றன, ஐந்தும் கம்பத்தின் உச்சியைப் பார்த்தபடி. "பா... பா..." என்றார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. கிட்டே போய்க் கூப்பிட்டார். அதே குரல், அதே கொஞ்சல். யாரோ அன்னியன் கூப்பிட்டதுபோல் இருந்தன அவை.

கம்பத்தின் பின்பக்கம் மட்டும் கேமராவில் விழாது. அங்கேதான் தொட்டி. குழாயைப் பாசி அடைத்து, தொட்டி அடிவரை காய்ந்து கிடந்தது. அதைச் சுற்றி ஏழு கோழிகள் அலகு திறந்தபடி விறைத்துக் கிடந்தன.

பக்கத்து நிலத்தில் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் பெண் இவர் அலறியதைக் கேட்டுக் குடத்தோடு ஓடிவந்தாள். தண்ணீரை ஊற்றியதும் ஐந்தும் குடித்தன. குடித்துவிட்டு மறுபடி கம்பத்தடியில் நின்று அண்ணாந்தன.

"நீ பாக்கலையாம்மா?"

"தெனமும் உங்க குரல் கேட்டுச்சுண்ணே. நேத்துகூட 'அப்பா இருக்கேன்டா'ன்னு சொன்னீங்க. ஆள்தான் உள்ள இருக்காரேன்னு விட்டுட்டேன்."

அவர் கடையை விற்று இங்கே வந்துவிடப் போவதாக இருந்ததை மெல்லச் சொன்னார். தானும் புருஷனும் ஒரு கல்யாணத்துக்குக்கூடச் சேர்ந்து போனதில்லை, ஒருவர் போனால் ஒருவர் இங்கே காவல் என்றாள் அவள்.

"நீங்க வச்சிருக்கிறது ஆசைக்குண்ணே. அதுல குத்தமில்ல. உங்களுக்குத் தோணின அன்னிக்கு வரலாம். நாங்க இத நம்பித்தான் வயித்தக் கழுவறோம். இதுக்குத் தேவைப்படற அன்னிக்கெல்லாம் நாங்க இருந்தாகணும். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சா, மொதல்ல சாகறது வாயில்லாத உசுரு. அடுத்து உங்க புள்ளைங்க வயிறு காயும்."

அங்கே நின்றபடியே வாங்குகிறவருக்குப் போன் போட்டு, கடை விற்பனைக்கு இல்லை என்றார். ஐந்து கோழிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அவளிடம் கொடுத்தார். கம்பத்தில் ஏறி வயரைப் பிடுங்கினார்.

திங்கட்கிழமை வாடிக்கையாளர் ஒருவர், "பண்ணையாரே, கோழிங்க என்ன சொல்லுது?" என்றார்.

கடைக்காரர் நாடாவை எடுத்துத் துணியை அளந்துகொண்டே சொன்னார்: "வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து இன்னமும் கம்பத்தையே பாக்குதாம். பண்ணையார்னு கூப்பிடாதப்பா. ஆசைக்கு வச்சவன், அதை நம்பி வாழறவன் வேஷம் போட்டேன். அந்த வேஷத்துக்கு ஏழு உசுரு போச்சு."

அன்று அளந்த கெஜத்தோடு பேச்சு நின்றது.