வெறும் கொசுக்கடி

...கொசுக்கடி என்றல்லவா சொன்னாள் அந்தக் குழந்தையின் அம்மா, அதை நம்பித்தானே இவளும் தாடையைத் தொட்டு நிமிர்த்தி, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, மூக்கோடு மூக்கு உரசாத குறையாகக் கொஞ்சி அழுகையை நிறுத்திப் படம் எடுத்தாள், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு, நீலத் திரைக்கு முன்னால். போட்டோ ஸ்டூடியோ வேலையில் தொடாமல் முடியுமா? எடுத்த பிறகு கன்னத்திலிருந்த இரண்டு சிவப்புப் பொட்டுகளைக் கம்ப்யூட்டரில் சுத்தமாக அழித்தும் விட்டாள். படத்திலிருந்து போனவை இவள் முதுகில் வந்து முளைத்தன... நினைத்தால் சிரிப்பு வந்தது, சிரித்தால் உதட்டோரக் கொப்புளம் இழுத்தது.

நாற்பது வயதில் சின்னம்மை. "சின்ன வயசுல வரலையா உங்களுக்கு?" என்று, பள்ளிக்கூடமே போகாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார் டாக்டர். மூச்சுக்காற்றே போதுமாம், கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுமாம்... அந்த இரண்டு நாள்தான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்போதுதானே தங்கை வந்திருந்தாள், மசக்கை இன்னும் விடாத முகத்தோடு, இவள் தோளில் சாய்ந்து ஒரே தட்டில் மாதுளை தின்றுகொண்டு, சாயங்காலம் முழுக்க அரட்டை. பிள்ளைத்தாய்ச்சிக்கு இது விளையாட்டுக் காரியமில்லை என்று கேட்டதும், காய்ச்சலைவிட அதுதான் சுட்டது. அவளுக்குச் சின்ன வயதில் வந்ததா, இல்லையா? வந்தது என்கிறாள் அம்மா, அது வெறும் வேர்க்குரு என்கிறார் அப்பா, வேறு எதில் ஒத்துப்போனார்கள் இதில் ஒத்துப்போக... கடைசியில் ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இன்று காலை போனை எடுத்தால் மறுமுனையில் தங்கையின் விசும்பல். "என்னடி, சொல்லித் தொலையேன்!" "எனக்கு எதிர்ப்பு சக்தி இருக்காம்க்கா. எப்பவோ வந்து போயிருக்கு. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதாம்." "அதுக்கு ஏண்டி அழற?" "தெரியலக்கா, அழுகையா வருது... உனக்கு ரொம்ப அரிக்குதா?" அரிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த நிமிஷம் உடம்பே பஞ்சாகிவிட்டது. இனி அப்பா பாடுதான் திண்டாட்டம், வேர்க்குருவைச் சொல்லிச் சொல்லியே அம்மா ஒரு வழி பண்ணிவிடுவாள்.

ஜன்னல் வெயில் கட்டில் கால்வரை வந்திருந்தது. நெஞ்சிலிருந்த கல் இறங்கிய பிறகுதான் படுத்திருப்பதன் சுகமே தெரிந்தது... மருந்து பூசிய கை வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது, யாரையும் நிமிர்ந்து உட்காரச் சொல்ல வேண்டாம், யார் முகத்தையும் திருத்த வேண்டாம். வீட்டுக்காரருக்கும் இதுவரை வந்ததில்லையாம், அதனால்தான் இந்தத் தனி அறை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எந்த உயரத்துக்கும் அஞ்சாதவர், சாப்பாட்டுத் தட்டை வாசலில் ஸ்டூல்மேல் வைத்து, கதவைத் தட்டி, "வெச்சுட்டேன், நான் ஓடிட்டேன்!" என்று திருடன் மாதிரி ஓடுகிறார். உப்பு ஒரு நாள் தூக்கல், ஒரு நாள் மறந்தே போகும். இருந்தாலும் வழித்துச் சாப்பிட்டாள்.

சமையலறையில் குழாய் திறந்தது, பாத்திரம் உரசியது, கூடவே... ரேடியோவா? இல்லை. அவர்தான். முணுமுணுப்பு இல்லை, வாய்விட்டு, நிதானமாக, ஒரு பழைய பாட்டு. இவர் பாடுவாரா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு வரி கேட்டதில்லையே. "என்னங்க" என்று கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கூப்பிட்டால் நின்றுவிடும். நான் பக்கத்தில் இருந்தால் பாடமாட்டாரா, இல்லை, நான் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்ததில் காதில் விழாமல் போயிற்றா... குரல் உடையாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது, அடுத்த வரி என்னவென்று இவளுக்குத் தெரியவில்லை, கழுத்தோரம் பிடுங்கிய அரிப்பைச் சொறியாமல், கட்டில் கிறீச்சிடாமல், அப்படியே கிடந்தாள்.