உருளைகள் நின்ற பிற்பகல்

விடியுமுன்னே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. டோக்கியோவிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த படுக்கை வண்டிகள் அவோமோரி நிலையத்தில் நின்றதும், அழுக்குத்துணி மூட்டைகள் கைவண்டியேறித் தண்டவாள ஓரத்துச் சலவை ஆலைக்கு வந்துவிடும். தோமி முதல் மூட்டையை அவிழ்த்தாள். முகம் தெரியாத மனிதர்களின் தூக்கம் அதற்குள்ளே கசங்கிக் கிடந்தது. சிகரெட் நாற்றம், தலையெண்ணெய், சிந்திய சாக்கே மது, ஏதோ குழந்தையின் மூத்திரம். உதறிப் பிரித்துக் கொதிதொட்டியில் தள்ளினாள். மேலே ஆவி, கீழே பனிக்கட்டியாய்ச் சிமெண்டுத் தரை. சலவைச் சோடாவில் வெந்த அவள் விரல்நுனிகள் வெளுத்து, ரேகை அழிந்து போயிருந்தன.

அந்த வட்டாரமே நிலையத்தை நம்பிப் பிழைத்தது. ரயிலைவிட்டு இறங்கி அக்கரைத் தீவுக்குப் போகும் கப்பலுக்கு ஓடுகிறவர்களுக்கு இஞ்சிக் குழம்பு ஊற்றிய ஒதேன் என்னும் சூடான பண்டம் விற்றவர்கள், ஆப்பிள் கூடைக்காரிகள், மலிவு விடுதிக்காரர்கள். இப்போது கடலுக்கடியில் சுரங்கம் தோண்டி முடித்தாயிற்று. வசந்தம் வந்தால் ரயில் நேரே அக்கரைக்குப் போகும், கப்பல் நின்றுபோகும். கூடைக்காரிகளை விரட்டிய இடத்தில் கண்ணாடி மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்தது சலவை ஆலையின் நிலம்தான் என்று ஊரே பேசிற்று. முதலாளி ஒனோதெரா மட்டும் வாய் திறக்கவில்லை. ஆளைக் குறைத்தார். கூலியைக் குறைத்தார். இஸ்திரி உருளையின் வேகத்தைக் கூட்டினார்.

ஈர விரிப்பின் இரு முனையையும் இரண்டு பெண்கள் பிடித்து, கொதிக்கும் அந்த உருளைக்குள் விடவேண்டும். முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நிற்கும். கோடைத் திருவிழாக் கூட்டத்தில் வேலை குவிந்தபோது முதலாளி வந்து நின்று, "அந்தச் சனியனைத் தூக்கிக் கட்டுங்க" என்றார். கட்டியவள் தொழிலாளர் சங்கத் தலைவி ஹிசாயே. போன வாரம் ரியேகோவின் வலது கை உள்ளே போய்விட்டது. இருபத்திரண்டு வயதுப் பெண். மணிக்கட்டுக்குக் கீழே இனி ஒன்றுமில்லை.

விசாரிக்கத் தொழிலாளர் ஆய்வாளர் அன்று பிற்பகல் வந்தார். முதலாளி உருளையருகே நின்று பெருமூச்சு விட்டார்.

"நல்ல பொண்ணுதாங்க. ஆனா அவசரக்குடுக்கை. சீக்கிரம் முடிக்கலாம்னு கம்பியைத் தானே தூக்கிக் கட்டிக்கிட்டா. சங்கத் தலைவியே கண்ணால பாத்திருக்காங்க. கேட்டுப் பாருங்க."

ஹிசாயே ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆமாங்க. அவளேதான் கட்டினா."

தோமி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். ஒரு குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாய் வெடித்தபோது, முதலாளி வீட்டு வாசலில் பனியில் உட்கார்ந்து புதுக்குழாய் போடவைத்தவள் இந்த ஹிசாயே. அந்தப் பனியில் தோமியின் கால்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டவளும் அவள்தான்.

முதலாளி ஆய்வாளரைத் தேநீர் குடிக்க அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். தோமி ஹிசாயேவைத் துணி உலர்த்தும் அறைக்குள் இழுத்தாள்.

"அக்கா, என்ன பேச்சு இது? அந்தக் கம்பியைக் கட்டினது நீ!"

"கத்தாதடி."

"அவ கையே போச்சுக்கா."

"போன கை திரும்பி வருமா? என் புருஷனுக்குக் கப்பல்ல வேலை வசந்தத்தோட சரி. ஆலையை வித்தாச்சு. புதுக் கண்ணாடிக் கட்டடத்துல துப்புரவு மேற்பார்வை எனக்குத் தரேன்னிருக்கார் முதலாளி."

"வித்தாச்சா? எப்போ?"

"திருவிழாவுக்கு முன்னாலயே."

"அப்பவே தெரியுமா உனக்கு? தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் என் பக்கத்துல உட்கார்ந்து சோறு தின்னியா?"

தோமிக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அவள் மடியில் விழுந்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஐயா, கம்பியைக் கட்டினது ஹிசாயே அக்கா. கட்டச் சொன்னது முதலாளி. பாத்துக்கிட்டு நின்னது நாங்க எல்லாரும். ரியேகோ அதைத் தொடக்கூட இல்ல."

முதலாளி சிரித்தார். "தோமியம்மாவுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு. வீட்டுக்குப் போய்ப் படும்மா. நாளைக்கும் வரவேண்டாம்."

"நாளைக்கு ஆலையே இருக்குமா முதலாளி? எங்க காலுக்குக் கீழ இருக்கிற மண்ணை எப்ப வித்தீங்க?"

கதவுக்கு வெளியே அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். கொதிதொட்டிக்கார மூதாட்டி ஃபுக்கி, ஆவி படிந்த கண்ணாடியைக் கழற்றியபடி முன்னால் வந்தாள்.

"எனக்குக் கண்ணுதான் மங்கல், காது மங்கல் இல்ல. 'தூக்கிக் கட்டுங்க'ன்னு நீங்க சொன்னதை நானும் கேட்டேன். எழுதிக்கங்க ஐயா."

"நானும் கேட்டேன்."

"நானும்தான்."

ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் முதலாளி முகம் மாறிற்று.

"பேசி முடிச்சாச்சுல்ல? சாயந்தர வண்டிக்கு விரிப்பு போகணும். உருளையை ஓட்டுங்க."

தோமி நேரே போய் உருளையின் விசையை இறக்கினாள். அது முனகிக்கொண்டே சுழன்று நின்றது.

"ரியேகோவுக்கு என்ன வழி, எங்களுக்கு என்ன வழின்னு சொல்லுங்க. அப்புறம் ஓடும்."

"வெளியில எத்தனை பேர் வேலைக்கு அலையறாங்க தெரியுமா?"

"தெரியும். அவங்ககிட்டயும் பேசுவோம்."

பெண்கள் சரக்கு வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஹிசாயே கோட்டை மாட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள். யாரும் திட்டவில்லை. அவளும் திரும்பவில்லை. அவள் முதுகு பனியில் கரையும்வரை தோமி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுத்தத் துணியை ஏற்றிப்போகும் கூலியாட்கள் வெற்றுக் கைவண்டிகளோடு வந்தார்கள். "எங்கே விரிப்பு?" என்று கேட்டவர்களிடம் ஃபுக்கி நடந்ததைச் சொன்னாள். மூத்தவனான குதோ துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"எங்களுக்கும் வசந்தத்தோட சீட்டுக் கிழியுதாம். ஒருத்தரும் வாயால சொல்லல. நேத்து வந்த மேஸ்திரி உளறிட்டுப் போனான்." நிலையத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். "சரி, இன்னைக்கு ரயில் வெறும் படுக்கைப் பலகையோட போகட்டும்."

கைவண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினான். தோமி நகர்ந்து அவனுக்கு உட்கார இடம் விட்டாள்.