விதாக் வீட்டு ரிவால்வர்

ஐந்தாவது துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்குவதற்காக மிலூஷா முக்காலியில் ஏறி நின்றாள். மேசைமேல் ஏற்கெனவே நான்கு கிடந்தன. போலீஸ்காரர் பெரிஷா மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் ஒவ்வொன்றின் எண்ணையும் படித்து, மாண்டினீக்ரோ அரசின் முத்திரை போட்ட படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும் சோதனை. கால் மணி நேர வேலை. அவர் வந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அவளுடைய அப்பா விதாக், கதை சொல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் யார் கையிலும் கொடுத்ததில்லை.

"அந்த நெட்டை இருக்கு பாருங்க சார், வெள்ளி இழைச்சது, அத நான் ஒரு அவரைத் தோட்டத்துல கண்டேன்," என்று தலையணைகளில் சாய்ந்தபடி சொல்லியிருந்தார். "கொம்பா நட்டு வச்சிருக்காங்க, மேல கொடி ஏறிப் பூத்துக் கிடக்கு. நடுரோட்டுல பஸ்ஸ நிறுத்திட்டு இறங்கிட்டேன். உள்ள இருக்கறவன் எல்லாம் கத்துறான். தோட்டக்காரம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? காய் பறிச்சு முடியட்டும், அப்புறம் பிடுங்கிக்கோன்னுச்சு."

"பறிச்சு முடியற வரைக்கும் காத்திருந்தீங்களா?"

"இருந்தேனே! தினம் அந்த வழியா போறவன்தானே. ஹாரன் அடிச்சு விசாரிச்சுட்டே போவேன்."

முப்பத்தோரு வருஷம் நிக்‌ஷிச்சிலிருந்து மலையூர்களுக்கு பஸ் ஓட்டியவர் விதாக். சுவரில் இருந்ததில் நான்கு அந்தப் பாதையில் கிடைத்தவை. கைத்துப்பாக்கி ஒரு விதவை வாதுமை உடைக்க வைத்திருந்தது. ரஷ்ய ரைபிள் ஒரு ரேடியோவுக்கு மாற்றாக வந்தது. இரட்டைக் குழலுக்குச் சொந்தக்காரர் ஓநாய் என்று நினைத்துப் பாதிரியாரின் கழுதையைச் சுட்டவர். சுட்டதிலிருந்து அதைக் கண்ணால் பார்க்கவும் வெட்கப்பட்டார். இந்தக் கதைகளையெல்லாம் விதாக் சிரித்துச் சிரித்துத்தான் சொல்வார். இதயம் இனி தாங்காது என்று போன மாதம் டாக்டர் சொன்னதைக்கூட, டிப்போவில் மறுநாள் டியூட்டியைக் கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுக்கொண்டு வீடு வந்தவர் அவர்.

ஐந்தாவது மட்டும் வேறு. முழங்கை நீளத்தில் ஒரு பெரிய ரிவால்வர். ராஜா காலத்தில் ஆண்பிள்ளை என்று பிறந்தவன் ஒவ்வொருவனும் இடுப்பில் செருகியிருந்த மாதிரி. அது விதாக்கின் தாத்தா நோவிட்சாவுடையது. சண்டையில் தோட்டா தீர்ந்துபோக, அதன் பிடியாலேயே எதிரிப்படை அதிகாரியின் மண்டையில் போட்டார். பிடியில் இன்றும் ஒரு பள்ளம் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

மிலூஷா அதை இறக்கி அப்பாவின் மடியில் வைத்தாள். அவர் பள்ளத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"எப்படி வந்ததுன்னு ஒரு கட்டம் இருக்குமே சார், போன தடவை என்ன போட்டிருக்கு?"

"பரம்பரை."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவேதான்."

விதாக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "இது எங்க வீட்டுது இல்ல சார்," என்றார். "முதல்லேருந்து சொல்றேன். மிலூஷா, சாருக்கு இன்னொரு காபி ஊத்திட்டு வா. நீயும் உக்காரு. நீதான் எப்பவும் பாதியில எந்திரிச்சுப் போயிடுவே."

அவள் சமையலறைக்குப் போனாள். காபி பொங்கி அடங்கக் காத்திருந்தாள். திரும்பி வந்தபோது பெரிஷா எழுந்து நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில் இருந்தது. விதாக்கின் கண்கள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தன. முகத்தில், சொல்லப்போகும் கதையின் சிரிப்பு இன்னும் இருந்தது.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். அப்பாவின் கண்களை மூடினாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், "காபி ஆறிடும் சார்," என்றாள். பெரிஷா உட்கார்ந்து அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

மறுநாள் காலைக்குள் விதாக்கின் படம் போட்ட மரண அறிவிப்பு, பஸ் போகும் வழியிலிருந்த கம்பங்களில் எல்லாம் ஒட்டப்பட்டுவிட்டது. மிலூஷாவின் தம்பி வேலிசா ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்து சேர்ந்தான். முற்றத்தில் உறவுக்கார ஆண்கள் வரிசையாக நிற்க, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைகொடுத்து நகர்ந்தார்கள். வரிசையில் முதல் ஆளாக ராதோயே சித்தப்பா நின்றார். விதாக்கின் பெரியப்பா மகன். கறுப்புக் கோட்டும் கணீர்க்குரலுமாக, எந்தச் சாவு வீட்டிலும் கல்லறையில் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மிலூஷாவின் தாய்மாமன் ஜாரியா வரிசையில் நிற்கவில்லை. எண்பத்திரண்டு வயது. உள்ளே அப்பாவின் நாற்காலிக்கு எதிரே, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு சின்னக் கோப்பையில் ராக்கியா, வீட்டில் வடித்த பழச்சாராயம், கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"மாமா, அப்பா கடைசியா ஒண்ணு சொன்னாரு. அந்த ரிவால்வர் நம்ம வீட்டுது இல்லன்னு. யாருது மாமா அது?"

ஜாரியா சட்டென்று நிமிர்ந்தார். "சொல்லிட்டானா?"

"அவ்வளவுதான் சொன்னாரு."

"கதவச் சாத்து."

சாத்தினாள். அவர் ராக்கியாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"உங்க அப்பன் பொண்ணு கேட்டு வந்தப்ப அவன் வீட்டுச் சுவத்துல ஒண்ணுமே கிடையாது. நோவிட்சாவோட துப்பாக்கி முதல் யுத்தத்துலேயே போயிருச்சு. பஞ்சம். ஒரு மூட்டை சோளத்துக்குக் குடுத்துட்டாரு. பாவம், எட்டுப் புள்ளைங்க. அது தப்பா? ஆனா அந்தக் காலத்துல வெறுஞ்சுவர் வீடுன்னா பேச்சு வேற மாதிரி இருக்கும். உங்கம்மாவுக்கு அவனத்தான் கட்டணும். எங்கப்பா மூணு நாள் சாப்பிடாம யோசிச்சாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, 'ஜாரியா, இது உனக்கு வர வேண்டியது. தங்கச்சிக்குக் குடுக்கலாமா?'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? நான்தான் அவ சீர்ப்பெட்டியில, கம்பளிக்குள்ள சுத்தி வச்சேன். மாப்பிள்ளகிட்ட எங்கப்பா ஒரே வார்த்தைதான் சொன்னாரு. 'இத உங்க தாத்தாவுதுன்னு சொல்லு. என் பொண்ணு வெறுஞ்சுவர் வீட்டுக்கு வந்தான்னு எவனும் பேசக் கூடாது.'"

வெளியே பெண்கள் ஒப்பாரி வைக்கும் சத்தம் உயர்ந்து இறங்கியது.

"அப்ப அந்தப் பள்ளம்?"

"அது நான் போட்டது. எட்டு வயசுல கூரை மேலேருந்து கீழ விட்டேன். எங்கப்பா பின்னி எடுத்துட்டாரு." ஜாரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்கப்பனுக்குப் பொய் சொல்ல வராது மருமகளே. தாத்தா சண்டைக்குப் போனாரு, வந்தாரு, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். முதல் வருஷம் திருநாளுக்கு நான் இங்க வந்தப்ப எவனோ பள்ளத்தப் பத்திக் கேட்டுட்டான். இவன் முழிக்கிறான். நான்தான் உள்ள புகுந்து, 'அதிகாரி மண்டையில அடிச்சதுல்ல!'ன்னேன். அதுலேருந்து வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தோம். அதிகாரிக்குக் குதிரை குடுத்தது ரெண்டாவது வருஷம்."

"அம்மாவுக்கும் எல்லாம் தெரியுமா?"

"பின்ன? அதனாலதானே அவன் கதைய ஆரம்பிச்சதும் எந்திரிச்சுப் போவா. இருந்தா சிரிப்பு வந்துரும்."

அம்மா உயிரோடிருந்தவரை, அப்படி எழுந்துபோவதை மிலூஷா நாற்பது வருஷம் பார்த்திருக்கிறாள். சீஸ் எடுக்க, விறகு போட, ஒன்றுமில்லையென்றால் கோழியைப் பார்க்க. சலித்துப்போய்ப் போகிறாள் என்று நினைத்து மிலூஷாவும் எழுந்து பின்னால் போவாள். சமையலறையில் அம்மாவின் முதுகு குலுங்கியது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. இருமல் என்று நினைத்திருந்தாள்.

மூன்று மணிக்குக் கல்லறைக்குப் போனார்கள். பாதிரியார் முடித்ததும் ராதோயே சித்தப்பா பேசினார். நன்றாகவே பேசினார். விதாக் ஓட்டிய பஸ் ஒரு பனிக்காலத்திலும் நின்றதில்லை, பிரசவ வலியெடுத்த மூன்று பெண்களை அது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறது என்றார். பிறகு தாத்தா நோவிட்சாவுக்கு வந்தார். சண்டை, தோட்டா தீர்ந்தது, குதிரைமேல் வந்த அதிகாரி, மண்டை. இருநூறு பேர் தலையாட்டினார்கள். ஜாரியா மாமா இரண்டு கையையும் கைத்தடியில் ஊன்றி, கண்ணை மூடி, ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தார். மிலூஷா குனிந்து மண்ணையே பார்த்தாள். சிரித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அப்பாவைப் புதைக்கிற நேரத்தில் அப்படி ஒரு பயம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

வீடு திரும்பிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். புகைபோட்ட இறைச்சி, சீஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு. பெரிஷாவும் சீருடை இல்லாமல் வந்து மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ராதோயே சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வேலிசா, நீ செவ்வாய்க்கிழமை கிளம்பிருவ. அதுக்குள்ள பேசிரணும். மத்த நாலும் விதாக் சம்பாதிச்சது, நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க. தாத்தாவோட ரிவால்வர் அப்படி இல்ல. அது வம்சத்தோடது. உனக்கு ரெண்டும் பொண்ணு. மிலூஷா கல்யாணமே பண்ணிக்கல. முறைப்படி அது என் பையன் கைக்குத்தான் வரணும்."

வேலிசா அக்காவைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். "சித்தப்பா சொல்றது... முறைதான். என்னக்கா?"

மிலூஷாவுக்குத் துப்பாக்கிகள்மேல் ஆசை இருந்ததில்லை. மாதம் ஒரு தடவை எண்ணெய் போடுவாள், அவ்வளவுதான். நேற்று கேட்டிருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றிருப்பாள். இன்று அது கம்பளிக்குள் சுற்றி வந்த பொருள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சித்தப்பா கை வைக்க முடியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை, மண் ஈரம் காயாத அப்பாவை இத்தனை பேர் நடுவே பொய்யனாக்கிவிடும். அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள்.

"ராதோயே," என்றார் ஜாரியா மாமா, வாயில் சீஸோடு. "ரொம்ப நல்லா பேசினே இன்னைக்கு."

"கடமைதானே."

"ஆனா நோவிட்சாவோட கடைசி வார்த்தைய விட்டுட்டியே."

"என்ன கடைசி வார்த்தை?"

"இந்த ரிவால்வர் இந்த வீட்டுச் சுவத்த விட்டு இறங்கக் கூடாது. வீட்டுக்குப் பெரியவன் கண்ண எந்தக் கை மூடுதோ, அந்தக் கைக்குத்தான் இது. ஆம்பளக் கையோ பொம்பளக் கையோ."

ராதோயேயின் புருவம் ஏறியது. "யாருகிட்ட சொன்னாரு?"

"என்கிட்டதான்."

"தாத்தா சாகறப்ப உங்களுக்கு என்ன வயசு இருக்கும்?"

"ஒம்போது."

"நீங்க மலைக்கு அந்தப் பக்கத்து ஊராச்சே!"

"உப்பு வாங்க வந்திருந்தோம்."

மேசையின் மறுகோடியில் யாரோ இருமினார்கள். ராதோயே வருஷங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஜாரியா தன் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்து வைத்தார்.

"நம்ப முடியலன்னா விடு. ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோ. மண்டையில அடிச்சத உனக்கு யார் சொன்னது?"

"விதாக்."

"விதாக்குக்கு யார் சொன்னது? நான். இதோ, இந்த நாற்காலியில உக்காந்து. அதுக்கு நான் சத்தியமே பண்ணுவேன். அது உண்மைன்னா இதுவும் உண்மை. இது பொய்னா..." அவர் இறைச்சியை மென்றார். "இப்பத்தான் இருநூறு பேர் முன்னாடி பேசிட்டு வந்திருக்கே."

ராதோயே சித்தப்பாவின் எண்ணிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவர் சுவரைப் பார்த்தார், ஜாரியாவைப் பார்த்தார், கடைசியில் ராக்கியா புட்டியைப் பார்த்தார்.

"கடைசி வார்த்தைன்னா கடைசி வார்த்தைதான்," என்றார். "இத முன்னாடியே சொல்லியிருந்தா கல்லறையில சேர்த்திருப்பேனே!"

"அடுத்த தடவை," என்றார் ஜாரியா.

சிரிப்பு மேசையைச் சுற்றி வந்தது. அன்று முதல் தடவையாக வேலிசாவும் சிரித்தான்.

"கண்ண மூடினது இவங்கதான்," என்று பெரிஷா சொன்னார். "நான் பாத்தேன்." உள்பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்து உருளைக்கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். "ஒரு மாசத்துக்குள்ள பேர் மாத்தணும்மா. இப்பவே எழுதிட்டா நீங்க அலைய வேண்டாம். அஞ்சாவதுல ஒரு கட்டம் மட்டும் நேத்து நின்னு போச்சு. எப்படி வந்தது?"

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளை நேராகப் பார்த்தார். நேற்று கேட்டது அவர் காதிலும் இருந்தது.

"தாத்தாகிட்டேருந்து," என்றாள் மிலூஷா.

எந்தத் தாத்தா என்று அந்தக் கட்டம் கேட்கவில்லை. பெரிஷாவும் கேட்கவில்லை. எழுதி, பேனாவை மூடினார்.

வெயில் சாய்வதற்குள் கூட்டம் கரைந்துவிட்டது. மாமாவை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடக் காரை மிலூஷாவே எடுத்தாள். சாலை முழுக்க அவர் பேசிக்கொண்டே வருவார் என்று நினைத்தாள். அம்மாவைப் பற்றிக் கேட்க எவ்வளவோ இருந்தது. இரண்டாவது வளைவு தாண்டும்போதே அவர் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை மடியிலிருந்த சீஸ் பொட்டலத்தைப் பிடித்திருந்தது. தலை ஜன்னலில் இடிக்காமல் இருக்க, அவள் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை மெதுவாக, பஸ் திருப்புவதுபோல அகலமாகத் திருப்பினாள்.

அவர் வீட்டுப் படலுக்கு முன்னால் இன்ஜினை நிறுத்தினாள். அவரை எழுப்பவில்லை. மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஆடுகள் காரின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. கடைசி ஆடும் போகட்டும் என்று ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.