பார்த்ததாகச் சொன்னவள்

காரமடைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிரவீனா வி.ஏ.ஓ.வாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் தோட்டத்துச் சாளை வீட்டில் தனியாக இருந்த மாரியாத்தாளை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்று, சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். முந்தின நாள் அங்கே போய் கிரைண்டர் ரிப்பேர் செய்தவர் அப்துல் முத்தலிப். போலீஸ் அவரைப் பிடித்தது.

மூன்றாம் நாள் பிரவீனாவை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். இன்ஸ்பெக்டரின் மேசைமேல் சங்கிலி கிடந்தது. பக்கத்தில் அதைக் கைப்பற்றியதற்கான மகஜர் எழுதித் தயாராக இருந்தது. முத்தலிப் குற்றத்தை ஒப்புக்கொண்டு, போலீஸை ஓடைக்குக் கூட்டிப்போய், கல்லுக்கடியிலிருந்து சங்கிலியை எடுத்துக்கொடுத்தார், எல்லாம் வி.ஏ.ஓ. முன்னிலையில் நடந்தது என்றது அது. அவள் ஓடைப் பக்கமே போனதில்லை. முத்தலிப்பை லாக்கப்புக்குள்தான் பார்த்தாள். காலை மடக்க முடியாமல் நீட்டியபடி சுவரோரம் கிடந்தார்.

"கவருமெண்டு ஆளுங்கன்னா கோர்ட்டுல மாத்திச் சொல்ல மாட்டாங்க. அதுக்குத்தானுங்க மேடம் உங்களைக் கூப்பிட்டது" என்றார் இன்ஸ்பெக்டர். அவளுக்கு முன்பிருந்த வி.ஏ.ஓ.வும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பார் என்றும் சொன்னார். பிரவீனா மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர்கள் வாங்கிக்கொடுத்த டீயையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கோவை கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறினாள். அந்தக் கல் எப்படி இருந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். "பாசி புடிச்ச கல்லுங்க. ரெண்டு கையிலயும் பொரட்டித்தான் எடுத்தாரு" என்றாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முத்தலிப்புக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சும்மாவா பிடித்திருப்பார்கள், செய்துதான் இருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்குப்பின் நாலு வருஷம் போயிற்று. ஒருநாள் வருமானச் சான்று விசாரணைக்காக ஒரு பெண்ணும் அவள் மகளும் ஆபீசுக்கு வந்தார்கள். மகள் ஹுமேரா கல்லூரியில் சேர வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் அப்துல் முத்தலிப் என்றிருந்தது. பிரவீனா அதை இரண்டாம் முறையும் படித்தாள். அந்தப் பெண் முத்தலிப்பின் மனைவி ரம்லா. மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வந்தாள்.

"உங்களை எனக்குத் தெரியுமுங்க. கோர்ட்டுல பார்த்தேன்" என்றாள் ரம்லா.

திட்டப்போகிறாள் என்று பிரவீனா நினைத்தாள். ரம்லா குரலே உயர்த்தவில்லை. கணவர் அப்படிச் செய்யமாட்டார் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

"நீங்க அந்தப் பாசி புடிச்ச கல்லைச் சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு. ஒரு பொம்பளை, ஆபீசரு, நேர்ல பாக்காம இப்படிச் சொல்லுவாங்களான்னு நெனச்சேன். அப்புறம் நான் ஜெயிலுக்குப் பார்க்கவே போகலைங்க. புள்ளையையும் போக விடலை."

உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்வதைப்போல இருந்தது அது. பிரவீனா சான்றுக்குப் பரிந்துரை செய்து அனுப்பினாள். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

பதினோரு நாள் அப்படியே போனது. பன்னிரண்டாம் நாள் ரம்லாவின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே உண்மையைச் சொன்னாள். ரம்லா அழவில்லை. "அவரு வரச்சொல்லி ஆறு கடுதாசி போட்டாருங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

முத்தலிப்பின் தம்பி முஜீப் போட்ட அப்பீல் ஹைகோர்ட்டில் கிடந்தது. பிரவீனா அந்த வக்கீலிடம் போய் நடந்ததை எழுதிக்கொடுத்தாள். கோர்ட் அவளை மறுபடி விசாரித்தது. மகஜரில் குறித்திருந்த நேரத்தில் அவள் தாலுகா ஆபீஸ் கூட்டத்தின் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தது அப்போது வெளியே வந்தது. அந்தக் காகிதம் இத்தனை வருஷமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. முத்தலிப் விடுதலையானார். பிரவீனா சஸ்பெண்ட் ஆனாள். பொய்ச்சாட்சி சொன்னதற்காக அவள்மேல் வழக்கும் வந்தது. அதற்குள் ரிடையராகிவிட்ட இன்ஸ்பெக்டர் தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்றார். கொன்றவன் யாரென்றும் சங்கிலி ஸ்டேஷனுக்கு எப்படி வந்ததென்றும் இன்றைக்கும் தெரியாது.

விடுதலையான முத்தலிப், ரம்லா இருந்த வீட்டுக்குப் போகவில்லை. உக்கடத்தில் தம்பியின் ரிப்பேர் கடையிலேயே தங்கிக்கொண்டார். பிரவீனா ஒருநாள் பகலில் அங்கே போனாள். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்த முத்தலிப் அவளைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"பொய் சொன்னது நீங்க. அதுக்குக் கோர்ட்டு இருக்குதுங்க. நம்புனது அவ. அதுக்கு நான் எங்கீங்க போறது?" என்றார்.

அவர் மறுபடி கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார்.

வெளியே வந்தபோது எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில் ரம்லா உட்கார்ந்திருந்தாள். ஹுமேரா டிபன் கேரியரோடு ரோட்டைக் கடந்து கடைக்குள் போனாள். தினமும் மகளை உள்ளே அனுப்பிவிட்டு, முத்தலிப் சாப்பிட்டு முடிக்கும்வரை ரம்லா அந்தப் பெஞ்சிலேயே இருப்பாளாம்.

பிரவீனாவைப் பார்த்ததும் ரம்லா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். பிரவீனா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.