ஆணி குத்திய பாதம்

ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு பாத்ரா வேலியோரம் ஓடினாள். நேற்று மாலை பாதி மஞ்சளாக இருந்த ஆப்ரிகாட், விடிவதற்குள் பழுத்திருந்தது. ஏழே பழம். வாசனைக்கே வாய் ஊறியது.

யேமனிலிருந்து வந்த நாற்பது யூதக் குடும்பங்கள் ஆளுக்குச் சரிசமமாய் நிலம் பிரித்து, கல் பொறுக்கி உண்டாக்கிய கூட்டுறவு ஊர் அது. அங்கே பழுத்த முதல் மரம் இதுதான்.

"அடியே, கைய எடு!" பக்கத்து நிலத்து ஸிஹ்ரா வேலிமேல் எட்டிப் பார்த்தாள். "ஆவ் மாசம் பதினஞ்சு தாண்டித்தான் நட்டீங்க. இந்த வருஷம் ஆகாது."

"நீ என்ன பஞ்சாங்கமா?"

வாய் பேசினாலும் பாத்ரா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தாள். புது மரத்தின் முதல் மூன்று வருடக் காய்ப்பைத் தொடக் கூடாது என்பது வேதச் சட்டம். ஆவ் பதினைந்துக்குள் நட்டிருந்தால் யூதப் புத்தாண்டுக்கு மிச்சமிருந்த அந்த ஒன்றரை மாதமே ஒரு வருடமாகக் கணக்கு. ஒரு நாள் பிந்தியிருந்தாலும் ஏழு பழமும் குப்பைக்குத்தான்.

கணவன் யிஹ்யே, வேதமான தோராவைச் சொல்லித்தரும் மோரியைக் கையோடு அழைத்து வந்தான்.

"என்னைக்கு நட்டே?"

யிஹ்யே தலையைச் சொறிந்தான். "நல்ல வெயிலு, மோரி."

"இங்க என்னைக்கு வெயில் அடிக்கல?"

பாத்ராவின் கண் புருஷன் காலுக்குப் போனது. எப்போதும் வலது காலால் மண்வெட்டியை மிதிப்பவன், மரம் நட்ட அன்றைக்கு மட்டும் இடது காலால் மிதித்தது நினைவுக்கு வந்தது.

"ஏங்க, செருப்பக் கழட்டுங்க!"

வலது பாதத்தில் வட்டத் தழும்பு.

"ஆவ் ஒன்பதாம் நாள் நோன்பு, மோரி. தோல் செருப்பு போடக் கூடாதுன்னு கால்ல துணி சுத்தியிருந்தாரு. பலகை ஆணி ஏறிடுச்சு. மறுநாள்தான் குழி வெட்டுனாரு."

"மறுநாள்தான்னு உன்னைத் தவிர வேற யார் கண்டா?"

பாத்ராவின் கண் நிறைந்தது.

"நான் கண்டேன்!" வேலி அதிர ஸிஹ்ரா கத்தினாள். "இப்பத்தான் ஞாபகம் வருது. நோன்பு முடிஞ்ச மறுநாள் காலையில. குழிக்குள்ள ரத்தம் சொட்டிச்சு. என் தலைத்துணியக் கிழிச்சு நான்தானே கட்டுனேன்! புதுத் துணி. இவ இன்னும் ஒண்ணு வாங்கித் தரல!"

"அப்ப ஆவ் பத்து. கணக்குச் சரி." மோரி தாடிக்குள் சிரித்தார். நாலாம் வருடப் பழம் கடவுளுக்குரியது; அந்தப் புனிதத்தை ஒரு காசுக்கு மாற்றும் சொற்களைச் சொல்லி முடித்தார். "சாப்பிடும்மா."

பாத்ரா முதல் பழத்தைப் பிட்டாள். சாறு முழங்கைவரை வழிந்தது. வயிற்றுக்குள் ஓர் உதை. வேலிக் கம்பிகளுக்கு நடுவே ஸிஹ்ராவின் உள்ளங்கை விரிந்து காத்திருந்தது.