தொண்ணூற்றேழு டிகிரி

மூன்றாவது ஞாயிறாக என் கம்ப்யூட்டர் ஆன்லைன் ஆட்டத்தின் நடுவில் அணைந்தது. திரும்ப அதை எழுப்பி ஹெட்போனை மாட்டுவதற்குள் நாங்கள் தோற்றிருந்தோம்.

“ஜெனரேட்டர் வந்துடுச்சு,” என்றார் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர். எங்கள் நான்கு பேர் குழுவில் வாய் அதிகம் அவருக்குத்தான். என் கம்ப்யூட்டர் விசிறி போடும் இரைச்சலுக்காக எனக்கு அந்தப் பெயர். “என்ன தலைவா, டீசல் தீர்ந்துபோச்சா?”

நான்காவது ஆள் சிரித்தான். என் தம்பி சிரிக்கவில்லை.

“அண்ணா, அடுத்த வாரம் போட்டி. இப்படிப் பாதில கழட்டி விட்டுட்டுப் போனா எப்படி? வாத்தியாரோட மச்சான் வேற இடம் கேட்டு உயிரை வாங்கறான்.”

“சரி பண்ணிடறேன்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னே. அந்தப் பழைய விசிறியத் தூக்கிப் போட்டுட்டு லிக்விட் கூலர் வாங்கு. இன்னொரு தடவை அணைஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

ஞாயிறு நான்கிலிருந்து ஆறு. வாரத்தில் மனிதர்கள் என்னோடு பேசுகிற நேரம் அவ்வளவுதான். படிப்பைப் பாதியில் விட்டதிலிருந்து பார்சல் கிடங்கில் இரவு வேலை. அங்கே என்னோடு பேசுவது ஸ்கேனர். அதுவும் ஒரே ஒரு ‘பீப்’. பகலில் தூங்குகிறேன். தம்பி கடல் தாண்டிப் போய் மூன்று வருடம் ஆகிறது. என் இடம் அந்த மச்சானுக்குப் போய்விட்டால், ஞாயிறும் எனக்கு இன்னொரு கிழமைதான்.

திங்கட்கிழமை வேலை முடிந்த கையோடு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“லிக்விட் கூலர். முன்னூத்தி அறுபது,” என்றேன். சூட்டை இழுத்த திரவம் ஓடி ஆறுகிற ரேடியேட்டர் முன்னூற்று அறுபது மில்லிமீட்டர், மூன்று விசிறி நீளம். பெரியதாக இருந்தால் நல்லது என்பது என் கணக்கு.

“ஆசைப்பட்டா ஆச்சா? கம்ப்யூட்டர் கேஸுக்குள்ள போகணுமே. அளந்தீங்களா?”

அளந்திருந்தேன், கிடங்கில் பார்சல் அளக்கிற டேப்பால். சீட்டை நீட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்தார்.

“மேல இருநூத்தி நாப்பதுதான் நுழையும். முன்னாடி மாட்டினா கிராபிக்ஸ் கார்டு இடிக்கும். ரெண்டு விசிறி போதும். பம்ப் எப்பவும் ரேடியேட்டருக்குக் கீழ இருக்கணும். இல்லேன்னா உள்ள இருக்கிற காத்து பம்புல போய் உக்காந்துக்கிட்டு களகளன்னு கத்தும். மேல மாட்டினா அந்தத் தொல்லை இல்ல. கலர் விளக்கு வேணுமா?”

“பாக்க ஆள் இல்ல.”

“எத்தனை டிகிரி போகுது?”

“தொண்ணூத்தேழு. அப்புறம் அணைஞ்சிடுது.”

“இருக்கிற கூலரைக் கழட்டித் துடைச்சு, சூடு கடத்துற பேஸ்ட் புதுசா வச்சுப் பாத்தீங்களா? பாதிப் பேருக்கு மாட்டின விதத்துலதான் கோளாறு இருக்கும்.”

“மாட்டினது என் தம்பி. அதுல கோளாறு இருக்காது.”

“தம்பி மேல அவ்வளவு நம்பிக்கையா!” என்று அலமாரியிலிருந்து கூலரை எடுத்து வைத்தார். கூடவே ஒரு பேஸ்ட் குழாய். “உங்க இஷ்டம்.”

வீட்டுக்கு வந்து, தூங்காமல், கேஸைத் தரையில் படுக்க வைத்துப் பழைய கூலரின் நான்கு திருகுகளையும் கழற்றினேன். சற்றுத் திருகியதும் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தேன். பிராசஸர் சிப்பைத் தொட்டுச் சூட்டை இழுக்க வேண்டிய செம்பு அடிப்பாகத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. மாட்டும் முன் உரிக்கவும் என்று அதில் சிவப்பு எழுத்து. மூன்று வருடச் சூட்டில் தாள் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது.

தம்பி இதைப் பூட்டியது அவன் கிளம்புவதற்கு முந்தின மாலை. பாதி கட்டிய சூட்கேஸ்களுக்கு நடுவே இதே தரையில் உட்கார்ந்திருந்தான். நான் டார்ச் பிடித்தேன். “கையை ஆட்டாதேண்ணா,” என்று திட்டிக்கொண்டே இருந்தான். இரண்டு பேரும் ரொம்ப அவசரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தோம். அவனும் தாளைப் பார்க்கவில்லை. வெளிச்சம் அடித்த நானும் பார்க்கவில்லை.

தாளை உரித்துக் குப்பையில் போட்டேன். துடைத்து, புது பேஸ்ட் வைத்து, பழைய கூலரையே திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தேன். அறுபத்து நான்கு. விசிறி சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. லிக்விட் கூலர் பிரிக்காமல் மூலையில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் இடம் எனக்கே இருந்தது.

“ஜெனரேட்டரைக் காணோமே,” என்றார் வாத்தியார், ஆரம்பத்தில் ஒரு முறை. இரைச்சல் இல்லாததால் அதற்கு மேல் கிண்டல் செய்ய அவருக்கு என்னிடம் எதுவும் இல்லை. மச்சானின் புது வண்டியைப் பற்றி நான்காவது ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பிறகு தம்பிதான் கேட்டான்.

“அண்ணா, இருக்கியா?”

“இருக்கேன்.”

ஜெயித்தோம்.

“நான் சொன்னேன்ல? லிக்விட் கூலர்னா லிக்விட் கூலர்தான்,” என்றான் தம்பி. இந்தக் குழுவில் எல்லோருடைய கம்ப்யூட்டரும் அவன் யோசனைப்படி பூட்டியது. “எங்கண்ணன் கேக்கவே மாட்டான். மூணு வருஷமா அந்த விசிறியக் கட்டிக்கிட்டு அழுதான்.”

தாளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாத்தியார் ஒரு மாதத்துக்கு அவனை ஓட்டியிருப்பார். அதைத் தம்பி தாங்குவான். ஆனால் பிறகு தனியாகக் கூப்பிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்பான். எங்களுக்குள் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லை. ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

“ஆமா. நீ சொன்னதுதான் சரி,” என்றேன்.

“எந்த மாடல்? மாட்டினதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.”

“அனுப்பறேன்.”

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிவிட்டு, தேவையே இல்லாத லிக்விட் கூலரை மாட்டினேன். தாளை உரித்தேனா என்று இரண்டு முறை பார்த்தேன். ரேடியேட்டர் மேலே, பம்ப் கீழே. இரண்டு மணி நேரம் பிடித்தது. அறுபத்திரண்டு டிகிரி. இரண்டு குறைவு.

டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பினேன். முதல் படம் ஆடிவிட்டது, இரண்டாவதை அனுப்பினேன். தூங்கி எழுந்து பார்த்தபோது பதில் வந்திருந்தது. ஒரு கட்டைவிரல்.

டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.